அலியும் டைசனும் மோதினால்? சலூனில் தொடங்கின சண்டை

வெள்ளவத்தையான்:
ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் முடி வெட்டப் போன இடத்தில் தொடங்கின வாக்குவாதம். முகமது அலியும் மைக் டைசனும் உச்சத்தில் இருந்தபோது குத்துச்சண்டையில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? சலூன்கார அண்ணை டைசன் என்கிறார். சவரக்கத்தி அவர் கையில் இருந்ததால் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு அலிதான். விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்புக்கை:
டைசன். 1988இல் மைக்கல் ஸ்பிங்க்ஸை 91 செக்கனில் முடித்த ஆள். அலிக்கு லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையை வளைத்து விடும் அடி என்றாலே கண்டம். 1963இல் ஹென்றி கூப்பரும் 1971இல் ஜோ ஃபிரேசியரும் அதே அடியால்தான் அவரை விழுத்தினார்கள். வேறென்ன வேண்டும்?

பழைய கிளவுஸ்:
தம்பிமாரே, பள்ளிக்கூடக் காலத்தில் ஸ்டப்ஸ் ஷீல்ட் என்ற பாடசாலைக் குத்துச்சண்டைப் போட்டியில் இறங்கினவன் நான். ஆள் கட்டை. ஒருமுறை எதிரே வந்தவன் என்னைவிட அரை அடி உயரம். "குனிந்து உள்ளே போ" என்றார் பழக்கின சேர். சொல்வது சுகம். நான் காலை எடுத்து வைக்க முதலே அவனுடைய இடது கிளவுஸ் என் மூக்கில் இருக்கும். நோவு பெரிதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிடும், அந்த நேரம் பார்த்து அடுத்தது வரும். மூன்றாம் ரவுண்டில் எனக்குக் கை ஓங்கவே மனமில்லை.

அதனால் நான் முதலில் பார்ப்பது கை நீளத்தை. அலிக்கு 78 அங்குலம், டைசனுக்கு 71. டோக்கியோவில் 1990இல் டைசனை வென்ற பஸ்டர் டக்ளஸ் செய்ததும் இதுதான்: தூரத்தில் ஜப், அதாவது கையை நேரே நீட்டி ஒரு குத்து, கிட்ட வந்தால் கட்டிப்பிடி. எட்டாம் ரவுண்டில் டக்ளஸும் விழுந்து எழும்பினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்தாம் ரவுண்டில் டைசன் விழுந்து, தரையில் மவுத்பீஸை (பல்லுக் கவசத்தை) தடவித் தேடினார்.

ஃபிரேசியரிடம் விழுந்தது, மூன்றரை வருசம் தடையில் கிடந்து கால் கனத்துப்போன அலி. நான் இறக்குவது 1966இல் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியை. முதல் நாலு ரவுண்ட் எனக்கும் பயம்தான். அதைத் தாண்டினால் அலி. அந்தக் காலத்து 15 ரவுண்ட் என்றால் இன்னும் நிச்சயம்.

இரும்புக்கை:
இருவரோடும் மோதின ட்ரெவர் பெர்பிக்கைக் கேட்டால் தெரியும். 1981இல் அலியைப் புள்ளியில் வென்றார். 1986இல் டைசனிடம் ரெண்டாம் ரவுண்டிலேயே எழும்ப எழும்ப விழுந்தார்.

பழைய கிளவுஸ்:
அது அலியின் கடைசிச் சண்டை ஐயா. வயது 39. அந்த வயதில் நான் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினேன்.

வெள்ளவத்தையான்:
சரி அண்ணை, கை நீளக் கணக்கை வருகிற முறை சலூனில் எடுத்து விடுகிறேன். சவரம் முடிந்து, துண்டை உதறின பிறகு.