டீசல் கார், மஞ்சள் லைட், நாளைக்கு மிச்சக் காசு: அவசரம்

கல்லடிப் பொடியன்
எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்துக்கு வந்து ஐந்து மாதம். நேற்று ஒரு டீசல் கார் பார்த்து 200 பவுண்ஸ் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். 2014 மொடல், 148,000 ஓடியிருக்கிறது, விலை 2,100. ஓட்டிப் பார்க்கும்போது மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் லைட் வந்தது. கேட்டதற்கு, "அது சும்மா சென்சர்" என்றார். நாளைப் பின்னேரம் மிச்சக் காசோடு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். காசு மாமாவிடம் கைமாற்றாக வாங்கியது, இரவு நித்திரையே இல்லை. எடுக்கலாமா, விடலாமா?

அக்கரைப்பற்று நானா
தம்பி, பயப்படாதே. ஒன்றரை லட்சமெல்லாம் டீசலுக்கு ஒரு ஓட்டமா? எங்கள் வாப்பாவின் டொல்பின் வான் நாலு லட்சம் தாண்டியும் கிழமைக்கு மூன்று தரம் கொழும்புக்குப் போய் வந்தது. ஒயிலை நேரத்துக்கு மாற்று, அவ்வளவுதான். நான் வந்த முதல் மாரிக்குக் கார் எங்கே, சப்பாத்துக்குள் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு பனிக்குள் நாலு மைல் நடந்து கடை வேலைக்குப் போனவன் நான். உனக்கு ஐந்து மாதத்திலேயே கார்!

செங்கலடி பாஸ்
நானா, இந்த ஊரில் மீட்டர் மைலில் ஓடும். 148,000 மைல் என்றால் 238,000 கிலோமீட்டர். உங்கள் வாப்பாவின் வானில் டிபிஎஃப்பும் இருந்திருக்காது. புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடி அது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நீளமாக ஓடினால்தான் பிடித்த கரி எரியும். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு ஓடுகிற வான் தப்பும், சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்குத்தான் அடைக்கும். தம்பி, என்ன கார், என்ன எஞ்சின், லைட்டில் என்ன படம் இருந்தது, நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடப் போகிறீர்கள்? ஒன்றையும் சொல்லவில்லையே.

திருக்கோவில் தங்கச்சி
டீசல் பக்கமே போக வேண்டாம் அண்ணா. நாங்கள் வந்த வருடம் இவர் ஒரு டீசல் எடுத்தார், மூன்றாம் மாதம் கிளச்சும் பிளைவீலும் ஒன்றாகப் போய், கராஜ்காரன் கேட்ட காசு காரின் விலையை விடக் கூட. அந்த மாரி முழுக்கப் பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு நர்சரிக்கு நடந்தது நான்தான், இவர் இல்லை. இப்போது பழைய பெற்றோல்தான், ஒரு கரைச்சலும் இல்லை.

மறுகா பார்ப்போம்
இங்கே 2,000 பவுண்ஸுக்காவது ஒரு கார் கிடைக்கிறது. ஊரில் 2020 இல் இறக்குமதியை நிற்பாட்டி 2025 இல்தான் திறந்தார்கள், அதற்குள் என் மச்சான் வாங்கின பழைய ஆல்டோவை நாலு வருடம் ஓட்டிவிட்டு வாங்கின விலையை விடக் கூடக் கேட்கிறான். வேகன் ஆர் வைத்திருந்தவனெல்லாம் காணி வைத்திருந்தவன் மாதிரி.

அக்கரைப்பற்று நானா
அதைச் சொல்லு. ஊருக்குப் போனால் "வெளிநாட்டுக்காரன், வான் பிடித்து வா" என்பார்கள். இங்கே நான் பஸ்ஸில் போவது யாருக்குத் தெரியும்?

களுவாஞ்சிக்குடி அக்கா
கதையை விட்டுவிட்டுப் பொடியனைப் பாருங்கள், நாளைக்குக் காசு கொடுக்கப் போகிறான். மனே, நீ எந்த நகரத்தில் இருக்கிறாய், வேலை எங்கே?

கல்லடிப் பொடியன்
ஹரோவில் அக்கா. வேலை பார்க் றோயலில், திங்களிலிருந்து வெள்ளி வரை இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை. காரில் இருபது நிமிடம். லைட்டில் ஒரு பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக இருந்தது.

களுவாஞ்சிக்குடி அக்கா
ஹரோ லண்டனுக்குள்தான். 2023 ஓகஸ்ட் 29 இலிருந்து லண்டன் முழுக்க யூலெஸ், அதாவது புகை கூடின வண்டிக்குக் காசு கட்டுகிற வலயம். டீசல் யூரோ 6 என்கிற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ஸ். 2014 டீசல் பெரும்பாலும் யூரோ 5. நாள் கணக்கு நடுச்சாமத்தில் மாறும், அதனால் உன் ஐந்து இரவு வேலைக்கு, சனி விடியத் திரும்பி வருவதையும் சேர்த்து, ஆறு நாள். கிழமைக்கு 75 பவுண்ஸ். 28 கிழமையில் இன்னொரு காரின் காசு போய்விடும். நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்துத் தளத்தில் போட்டால் உடனே சொல்லும். 2006 க்குப் பிறகு வந்த பெற்றோல் என்றால் பெரும்பாலும் கட்டணம் இல்லை.

அதே நம்பரை அரசாங்கத்தின் எம்.ஓ.டி. (வருடாந்த வாகனச் சோதனை) பக்கத்திலும் போட்டுப் பார், காசில்லை, ஒவ்வொரு சோதனையிலும் மீட்டரில் இருந்த கணக்கு வரும்.

செங்கலடி பாஸ்
பெட்டிக்குள் புள்ளி என்றால் டிபிஎஃப்தான், சென்சர் இல்லை. இருபது நிமிட லண்டன் ஓட்டத்துக்கு அது திரும்பத் திரும்ப அடைக்கும்.

பிறகு என்றைக்காவது டீசல் பார்த்தால், போனதும் பொனட்டில் கையை வை. சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டை உனக்குக் காட்டாமல் மறைக்கிறான். சைலன்சர் வாய்க்குள் துணி சுற்றின விரலை விட்டுத் துடை, டிபிஎஃப் வேலை செய்கிற காரில் அவ்வளவாகக் கரி ஒட்டாது, அடுப்புக்கரி மாதிரி வந்தால் வடி உடைந்திருக்கிறது அல்லது கழற்றியிருக்கிறது. டிப்ஸ்டிக்கை இழு. ஒயில் மேல் கோட்டையும் தாண்டி டீசல் மணத்தால், கரியை எரிக்க அடித்த டீசல் ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேள், வாய்ப்பேச்சை நம்பாதே. குனிந்து அடியையும் பார். மாரியில் றோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள், கல்லடிக் கடற்கரையில் விட்ட சைக்கிள் மாதிரித் துரு பிடிக்கும்.

திருக்கோவில் தங்கச்சி
லைசன் என்ன லைசன் அண்ணா? இலங்கை லைசன் வந்து 12 மாதம்தான் செல்லும். இன்சூரன்ஸ் விலை கேட்டுவிட்டுக் காரைப் பாருங்கள், பழைய ஆளின் றோட் டாக்ஸும் உங்களுக்கு வராது.

கல்லடிப் பொடியன்
நம்பரைப் போட்டேன். யூலெஸ் கட்ட வேண்டும் என்று வந்தது. எம்.ஓ.டி. பக்கத்தில் போன வருடம் 161,300 மைல். இப்போது மீட்டரில் 148,000. தலை சுற்றுகிறது.

களுவாஞ்சிக்குடி அக்கா
மீட்டரைத் திருப்பியிருக்கிறான். படம் எடுத்து அனுப்பி, அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேள். தனியே அவன் வீட்டுக்குப் போகாதே.

அக்கரைப்பற்று நானா
தராவிட்டாலும் 200 தான், 2,100 இல்லை. நான் சொன்னதை விடு தம்பி. ஞாயிறு நான் சும்மாதான், ஹரோவில் ஒரு பெற்றோல் கார் பார்த்து வை, வருகிறேன். பாஸ் சொன்ன துணியை நீ கொண்டு வா, டோர்ச் என்னிடம் இருக்கிறது.