ரூட்டிங் டேபிள்: வழி அட்டவணையா, ஆற்றுப்படையா?

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு லினக்ஸ் வகுப்பு. 'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்' கட்டளைகளைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். முகவரி, இடைமுகம் வரை சிக்கல் இல்லை, எந்த முகவரிக்குப் போகும் தரவை எந்த வழியில் அனுப்புவது என்று கணினி பார்த்துக்கொள்ளும் ரூட்டிங் டேபிளில் வந்து நின்றுவிட்டேன். ரூட்டருக்குத் 'திசைவி' நிலைத்துவிட்டது. ஆனால் இந்த அட்டவணை திசையைச் சொல்வதில்லையே, எந்த முகவரித் தொகுதிக்குப் போக அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைத்தானே சொல்கிறது? 'வழி அட்டவணை' போதுமா? அட்டவணையில் இல்லாத முகவரிகளுக்குப் போகும் தரவையெல்லாம் வாங்கி அனுப்பும் டிஃபால்ட் கேட்வேக்கு என்ன வைப்பது? ஞாயிறு இரவு பிரிண்ட் எடுக்க வேண்டும்.

குன்னூரிலிருந்து:
டீச்சர், 'ஆறு' என்றாலே வழிதான். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனிடம் 'இன்னாரிடம் போ, இப்படிப் போ' என்று சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு அதுதான். மலைபடுகடாத்தில் மலைவழியில் எங்கே எதற்கு அஞ்ச வேண்டும் என்பதுகூட இருக்கிறது. ரூட்டர் செய்வதும் இதே வேலை, ஆகவே 'ஆற்றுப்படுத்தல்', 'ஆற்றுப்படை அட்டவணை'. ஒரே இடத்துக்குள்ள வழிகளில் எதை முதலில் எடுப்பது என்று காட்டும் எண்ணான மெட்ரிக்குக்குச் 'செலவு'. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம், இன்று பணம். எண் குறைந்த வழியைத்தான் லினக்ஸ் எடுக்கிறது என்பதால் இரண்டு பொருளும் பொருந்தி வருகின்றன. கேட்வேக்குக் 'கணவாய்' வைக்கலாம், மலைநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

கூடலூரிலிருந்து:
ஐயா, இலங்கையில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனநல ஆலோசனை. எங்கள் உறவுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், குழப்பம் வரும். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கணவாய் என்றால் குழம்பில் போடுவது. கட்டளையையே பாருங்கள்: 'ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1'. அந்த 'வயா'வைத் தமிழில் படித்தால் 'வழியாக'. அப்புறம் எதற்கு ஆறு?

கோத்தகிரியிலிருந்து:
இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் போக குன்னூர் வழி ஒன்று, எங்கள் ஊர் வழி ஒன்று. குன்னூர் வழிக்கு எண் குறைவு என்று வைத்தால் எல்லாரும் அதில்தான் போவார்கள், மண் சரிந்து அந்த வரியை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால்தான் அடுத்ததுக்கு வேலை. 'சரி, சென்னைக்கும் மதுரைக்கும் தனித்தனியாக வரி வேண்டுமா?' என்று கேட்டேன். 'வேண்டாம் மிஸ், தெரியாத ஊர் எதுவானாலும் முதலில் மேட்டுப்பாளையம் இறங்கிவிட வேண்டியதுதான்' என்றாள் ஒரு பெண். டிஃபால்ட் ரூட்டை இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் ரூட்டிங் டேபிளுக்கு 'வழி அட்டவணை', டிஃபால்ட் ரூட்டுக்குப் 'பொதுவழி', டிஃபால்ட் கேட்வேக்குப் 'பொது வாயில்' என்று எழுதிவிட்டேன். 'நுழைவாயில்' வேண்டாம், பொட்டலம், அதாவது அனுப்பும் தரவுத் துண்டு, அந்த இடத்தில் வெளியே அல்லவா போகிறது. ஐயாவின் 'செலவு' அப்படியே இருக்கிறது.

குன்னூரிலிருந்து:
அச்சிடுங்கள். ஆனால் 'வழி' எல்லாவற்றுக்கும் பொதுச்சொல். நாளை பாதைக்கும் தடத்துக்கும் சொல் தேடும்போது கையில் எதுவும் மிஞ்சாது. ஆற்றுப்படையை நான் விடவில்லை.

கூடலூரிலிருந்து:
'செலவு'தான் எனக்கு உறுத்துகிறது டீச்சர். ரீசார்ஜ் காசு என்று நினைத்துக்கொள்வார்கள்.