ட்ரெட்மில்லில் 10.5, ரோட்டில் நடைப்பயணம்: 26 நிமிடம் எங்கே போச்சு?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம்ம பக்கத்தில் நடந்த ஓர் அரை மாரத்தானில் ஓடினேன். 2 மணி நேரத்தில் முடிப்பதாகத் திட்டம், முடித்தது 2 மணி 26 நிமிடத்தில். காய்ச்சல் இல்லை, காலில் அடியில்லை, முந்தின நாள் கல்யாணச் சாப்பாடும் இல்லை. அதனால்தான் மண்டை காய்கிறது.

பயிற்சி முழுக்க ஜிம்மில், ட்ரெட்மில்லில்தான். ஏன் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் பிடித்த மழை விட்டால் ரோட்டோரம் சேறு, சேறு காய்ந்தால் நாய்கள், அப்புறம் சம்பா அறுவடை தொடங்கியதும் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வைக்கோல் ஏற்றின டிராக்டர் போகிறது. எனக்கு நேரம் கிடைப்பதே கடை அடைத்த பிறகு இரவில்தான், அந்த நேரத்தில் ஆற்றங்கரை ரோட்டில் ஓடப் போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள்.

ஜிம்மில் ஏசி, பாட்டு, எல்லாம் வசதி. வேகத்தை மணிக்கு 10.5 கி.மீ.யில் வைத்துவிட்டு ஓடுவேன். கிலோமீட்டருக்கு 5:43 (5 நிமிடம் 43 நொடி), அதே வேகத்தில் 21.1 கி.மீ. போனால் 2 மணி நேரத்துக்கு அரை நிமிடம்தான் கூட வரும், போட்டி நாள் உற்சாகத்தில் அந்த அரை நிமிடமும் கரைந்துவிடும் என்று இருந்தேன். வாரக் கடைசியில் மட்டும் நீள ஓட்டம். மெஷின் ஒரு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும், தண்ணீர் குடித்துவிட்டு, துண்டால் துடைத்துவிட்டு மறுபடி போட்டு இன்னும் அரை மணி, முக்கால் மணி ஓடுவேன். சிரமமே தெரிந்ததில்லை.

போட்டியன்று 6 மணிக்குத் தொடக்கம் என்றார்கள். கொடியசைக்க வேண்டியவர் வந்து சேர 6:40 ஆனது. முதல் 5 கி.மீ. 27 நிமிடம், 10 கி.மீ. 56 நிமிடம், அதுவரை ராஜா மாதிரிதான் ஓடினேன். 15 கி.மீ.க்கு 1 மணி 33 நிமிடம். அதற்கப்புறம் ஓட்டமென்று சொல்ல முடியாது, கம்பத்துக்குக் கம்பம் நடையும் ஓட்டமும். கடைசி 6 கி.மீ.க்கு 53 நிமிடம். என் அப்பா வயதில் இருந்த ஒருத்தர் "வாங்க தம்பி, வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார், நாங்கள் அப்போது 16 கி.மீ.யில்தான் இருந்தோம்.

ட்ரெட்மில் பயிற்சி ரோட்டுக்கு உதவவே உதவாதா? மெஷினில் 1 சதவீதம் ஏற்றச் சரிவு வைத்து ஓடியிருந்தால் சரியாகியிருக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஜிம்முக்கு மார்ச் மாதம் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மன்னை வாத்தியார்:

கட்ட வேண்டாம். மெஷின் உங்களைப் பின்னால் இழுக்கிறது, நீங்கள் விழாமல் காலைத் தூக்கி வைக்கிறீர்கள், அது ஓட்டமா தம்பி? எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுத்த வயலில் செருப்பில்லாமல் ஓடித்தான் மாவட்டப் போட்டிக்குப் போனார்கள். அதிகாலை எழுந்து ஹரித்ராநதி குளத்தைச் சுற்றி வருகிற ஆட்களைப் போய்ப் பாருங்கள், ஒருத்தருக்கும் ஏசி கிடையாது. மெஷினெல்லாம் பெண்களுக்கும் பணக்காரர்களுக்கும்.

வெண்ணாற்றுக்காரன் (தஞ்சாவூர்):

வாத்தியார் சார் கோபத்தை விடுங்கள், நீங்கள் கொடுத்த நேரங்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் சரிவு விஷயம். 1996இல் ஜோன்ஸ், டௌஸ்ட் என்று இரண்டு பேர் செய்த ஆய்விலிருந்து வந்தது அந்த 1 சதவீதம். உள்ளே ஓடும்போது காற்று முகத்தில் மோதுவதில்லை, அந்த மிச்சத்தை ஈடுகட்ட 1 சதவீதச் சரிவு போதும் என்பது அவர்கள் கண்டது. அவர்கள் சோதித்த வேகமே மணிக்கு 10.5இல் தொடங்கி 18 வரை. காற்றுக்கான செலவு வேகம் கூடக் கூடத்தான் பெரிதாகும், உங்கள் வேகத்தில் அது சில்லறை. அந்தச் சில்லறையால் 26 நிமிடம் போகாது.

இரண்டாவது, அந்த 10.5 உண்மையில் 10.5தானா? ஜிம் மெஷின்கள் பலவற்றில் திரையில் வரும் வேகம் மோட்டாரோ ரோலரோ சுற்றுவதை வைத்துத்தான் வருகிறது. பெல்ட் தளர்ந்து ரோலரில் வழுக்கினால் திரை ஒன்று சொல்லும், உங்கள் காலடியில் வேறொன்று ஓடும். கண்டுபிடிப்பது சுலபம். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் நகர்த்தி நகர்த்தி மொத்த நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் 10.5இல் ஓட விட்டு அந்தக் கோடு நிமிடத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று இன்னொருத்தரை எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் மேலே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது முக்கியம். வெறும் பெல்ட் சரியாக ஓடும், ஆள் ஏறினால்தான் குட்டு வெளிப்படும். கையில் கட்டிய கடிகாரத்தை நம்ப வேண்டாம், உள்ளே ஜிபிஎஸ் உதவாமல் அது கை வீச்சை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது.

மூன்றாவதுதான் பெரியது, வெக்கை. மாசி மாதக் காலை நம் ஊரில் எப்படி என்று தெரியும், விடியும்போது பனி, 8 மணிக்கு மேல் சுள்ளென்று வெயில், நடுவில் காற்றில் அவ்வளவு ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்புச் சூடு இறங்கும், ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும், ஆனால் அதே வியர்வை சொட்டித் தரையில் விழுந்தால் தண்ணீர்தான் நஷ்டம், குளிர்ச்சி ஒன்றும் இல்லை. அப்போது ரத்தம் காலுக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். இதயம் இரண்டு வேலை பார்க்கிறது. அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், நீங்கள் 12 கி.மீ. வாக்கில் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதில் உப்பு குறையும். ஏசியில் இது இந்த அளவுக்கு நடக்காது. 40 நிமிடம் தாமதமாகக் கொடியசைத்தவர் உங்களுக்குச் செய்த உபகாரம், அந்த 40 நிமிட வெயிலைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தது.

பெல்ட்டை அளந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மாயூரத்துக்காரி:

வாத்தியார் ஐயா, பெண்களுக்கும் பணக்காரர்களுக்கும் என்றீர்களே, நான் முதல் ரகம், இரண்டாவது இல்லை. காலை 5 மணிக்கு நான் தனியாகக் காவிரிக் கரையில் ஓடினால் நாய் துரத்துவதைவிட மனிதர்கள் செய்வதுதான் தொந்தரவு, பைக்கில் பக்கத்திலேயே மெதுவாக வருவதும், "யாரு வீட்டுப் பொண்ணு" என்று விசாரிப்பதும். அதனால் பழைய ட்ரெட்மில் ஒன்றை மாடியில் போட்டு வருஷக்கணக்காக ஓடுகிறேன். அரை மாரத்தானும் ஓடுகிறேன், நடக்காமல். மெஷின்மேல் பழி போடாதீர்கள்.

தம்பி, உங்கள் பதிவில் எல்லோரும் வெயிலைப் பிடித்துக்கொண்டார்கள், எனக்கு உறுத்தியது அந்தத் துண்டு. ஒரு மணி நேரம் ஓடி, நின்று, துடைத்து, தண்ணீர் குடித்து, மறுபடி முக்கால் மணி என்றால் அது நீள ஓட்டமே இல்லை, இரண்டு நடுத்தர ஓட்டம். நடுவில் இதயம் இறங்கிவிடுகிறது, உடம்புச் சூடும் இறங்கிவிடுகிறது. இரண்டு மணி நேரம் விடாமல் ஓடுவது என்னவென்று உங்கள் தொடைக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் தளர்ந்துபோனதும் சரியாக 1 மணி நேரம் தாண்டித்தான், பார்த்தீர்களா? மெஷின் நின்றால் நிற்காமல் உடனே மறுபடி பட்டனைத் தட்டுங்கள், அந்த அரை நிமிடம் பக்கவாட்டில் நின்ற இடத்திலேயே ஓடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து ஓடியபடியே குடித்துப் பழகுங்கள்.

வேகத்தை மெஷினே பிடித்துக்கொண்டால் நமக்கு வேக உணர்வு வராது என்பது மட்டும் உண்மைதான். நான் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவேன் (துண்டுக்கு அதுதான் நல்ல வேலை). மூச்சைக் கேட்டே பட்டனைக் கூட்டிக் குறைத்து ஓடுவேன், முடித்தபிறகுதான் பார்ப்பேன். மாடியில் ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்து, ஃபேனைக் குறைத்து வைப்பேன். பூட்டிய அறையில் ஃபேனே இல்லாமல் ஓடி வீரம் காட்ட வேண்டாம், தலை சுற்றினாலோ வேர்வைக்கு நடுவில் மயிர்க்கூச்செறிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஞாயிறு மட்டும் வீட்டுக்காரர் வண்டியில் கூட வருவார், அன்றைக்கு ரோடு.

அரசலாற்றங்கரை:

அக்கா, அந்தத் துண்டை இனி வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

பெல்ட்டை அளந்தாயிற்று. ஜிம் தம்பி முதலில் விடவில்லை, அப்புறம் அவனே ஆர்வமாகி சாக்பீஸ் எடுத்து வந்தான். பெல்ட் நீளம் 2.85 மீட்டர். திரையில் 10.5 வைத்து நான் ஓட, அவன் எண்ணியது நிமிடத்துக்கு 57 சுற்று. நம்பிக்கையில்லாமல் மூன்று தடவை எண்ணச் சொன்னேன், அதேதான். யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், எனக்குப் போட மனசு வரவில்லை.

வெண்ணாற்றுக்காரன்:

நான் போடுகிறேன். 57 சுற்று, ஒவ்வொன்றும் 2.85 மீட்டர், நிமிடத்துக்கு 162 மீட்டர் சொச்சம், மணிக்கு 9.75 கி.மீ. அதாவது நீங்கள் பழகிய உண்மையான வேகம் கிலோமீட்டருக்கு 6:09. அதை 21.1க்குக் கொண்டுபோனால் 2 மணி 10 நிமிடம். எல்லாம் நன்றாக நடந்திருந்தாலும் அதுதான் உங்கள் கைக்கு எட்டிய நேரம். 26இல் 10 நிமிடத்தை ரோட்டில் தேட வேண்டாம், அது மெஷின் பொய் சொன்னது.

மிச்சம் 16. இப்போது உங்கள் முதல் 5 கி.மீ.யைப் பாருங்கள். 27 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 5:24. பழகிய வேகத்தைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 45 நொடி வேகமாகக் கிளம்பியிருக்கிறீர்கள். ராஜா மாதிரி ஓடினேன் என்று எழுதியது அந்தக் கட்டத்தைத்தான். பெல்ட்டில் இப்படி நடக்கவே வழியில்லை, ரோட்டில் கூட்டம், மேளம், பக்கத்தில் ஓடுகிற ஆள், எல்லாமே தள்ளிவிடும். அந்தக் கடனுக்கு 10 கி.மீ.க்கு மேல் வெயில் வட்டி போட்டது.

கடைமடை (வேதாரண்யம்):

நடுவில் ஒரு வார்த்தை. இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் அடுத்த போட்டியில் ஒவ்வொரு மேசையிலும் நின்று வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ள வேண்டாம். இரண்டரை மணி நேரம் வியர்த்து உப்பு போயிருக்கும்போது தாகத்துக்கு மேல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அதுவும் ஆபத்துதான். தாகத்துக்குக் குடித்தால் போதும், முடித்தபிறகு உப்புப் போட்ட நீர்மோர் எங்கள் பக்கத்து வழக்கம்.

மன்னை வாத்தியார்:

அம்மா, பெண்கள் என்று எழுதியதை எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினைப் பற்றிச் சொன்னதை எடுக்கவில்லை.

தம்பி, 9.75 என்று தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் டெல்டா முழுக்கச் சமதரை, தொடைக்கு ஏற்றம் வேண்டுமென்றால் பாலம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை ஓடிப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி, ஐந்து பாலம். பாலத்தில் ஏறும்போது அதே வேகத்தில் போகப் பார்க்காதீர்கள், மூச்சைச் சீராக வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது கால் தானாக வேகம் எடுக்கும். பஸ் போக்குவரத்து உள்ள ரோடு, விடியுமுன் தொடங்கி எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடுங்கள். திரும்ப பஸ்ஸில் வரலாம், அசிங்கமில்லை.

அரசலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. மார்ச் பணம் கட்டிவிட்டேன், ஆனால் வாரத்தில் இரண்டு நாளைக்குத்தான் மெஷின், ஏசிக்கு நேர் கீழே இல்லாத மெஷினாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். மற்ற நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு சாயங்காலம் 5 மணிக்கே கிளம்புகிறேன், அந்த வெக்கையில் முதல் வாரம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம்தான் வருகிறது, வெண்ணாற்றுக்காரர் சொன்ன 14 நாள் முடியட்டும் என்று பொறுத்திருக்கிறேன்.

ஜிம்மில்தான் இப்போது ரகளை. சாக்பீஸ் தம்பி மற்ற மெஷின்களையும் எண்ணிப் பார்த்து முடிவைச் சுவரில் ஒட்டிவிட்டான். மூலையில் இருக்கும் மெஷின் மட்டும்தான் சரியான வேகம் காட்டுகிறது, அதில் ஓட யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்.