டெட் தாக்குதலில் தோற்றது யார்? ஆயுதம் பெரிதா, பிரச்சாரம் பெரிதா?

வழிப்போக்கன்:
வியட்நாம் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1968 ஜனவரி கடைசியில், டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில் நடந்த டெட் தாக்குதலில், அமெரிக்காவை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் படைக்குச் செம அடி, புகுந்த ஊர் எதையும் கடைசிவரை தக்கவைக்க முடியவில்லை. ஆனாலும் அங்கேதான் அமெரிக்கா தோற்க ஆரம்பித்தது என்கிறார்கள். களத்தில் ஜெயித்தவன் எப்படித் தோற்பான்? அப்படியென்றால் குண்டுவீச்சு விமானம் எதற்கு, நாலு கேமராமேன் போதுமே?

ஈரவெடி:
கேமராமேன் மேல் பழி போடுவது பழைய சாக்கு நண்பரே. 1967 நவம்பரில்தான் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் வாஷிங்டனுக்கு வந்து, போரின் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்கிற ரீதியில் பேசிவிட்டுப் போனார். மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை, தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலில் வெடிவைத்து ஓட்டை போட்டு வியட்காங் ஆட்கள் 19 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பிரதான கட்டிடத்துக்குள் அவர்களால் நுழையவே முடியவில்லை, சில மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லோரும் செத்தார்கள். ஆனால் டிவி பார்த்தவன் பிணக்கணக்கா போடுவான்? முடிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே, இது என்ன என்றுதான் கேட்பான். எதிரியின் பிரச்சாரத்தைவிட சொந்த அரசாங்கத்தின் பிரச்சாரம்தான் அவர்களைக் கவிழ்த்தது. மார்ச் 31 அன்று அமெரிக்க அதிபர் ஜான்சன், மறுபடி தேர்தலில் நிற்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டார்.

கணக்கன்:
பாதிக் கதை இது. டெட்டுக்கு அப்புறமும் போர் 7 வருடம் ஓடியது, 1975 ஏப்ரல் 30 அன்று சைகோனில் அதிபர் மாளிகையின் கேட்டை இடித்துக்கொண்டு உள்ளே போனது வடக்கு வியட்நாமின் டாங்கி, துண்டறிக்கை இல்லை. இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொள்ளுங்கள்: ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடில் ஒரு ஜெர்மன் படையே சரணடைந்த கையோடு, 1943 பிப்ரவரி 18 அன்று பெர்லினில் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் முழுப்போர் வேண்டுமா என்று கேட்க, அரங்கமே வேண்டும் என்று கத்தியது. கத்தி என்ன பண்ண? 1944-இல் ஜெர்மனி அதற்கு முன் எந்த வருடமும் செய்யாத அளவு விமானம் செய்தது, பறக்கவைக்கப் பெட்ரோலும் இல்லை, தேறின விமானிகளும் இல்லை.

ஈரவெடி:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பொய்யும் நிஜப் பலமும் சேர்ந்தால் வேறு கதை. அதே 1944-இல் ரப்பர் டாங்கி, போலி ரேடியோ பேச்சு, பெயருக்கு ஒரு படை, அதற்குத் தளபதியாக அமெரிக்க ஜெனரல் பேட்டன் என்று செட் போட்டு, தாக்குதல் பிரான்ஸ் கரையில் கலே பக்கம்தான் வரும் என்று ஜெர்மானியரை நேச நாடுகள் நம்பவைத்தார்கள். அதே பிரான்ஸின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படை இறங்கிய பிறகும் ஒரு பெரிய ஜெர்மன் படை வாரக்கணக்கில் கலேவையே காவல் காத்துக்கொண்டிருந்தது! நிஜப் படை ஒன்று கப்பலேறி வராமல் போயிருந்தால் அந்த ரப்பர் டாங்கியால் யாருக்கு என்ன லாபம்?

வழிப்போக்கன்:
சரி, 2021 ஆப்கானிஸ்தான்? அரசுப் படையில் 3 லட்சம் பேர், அமெரிக்க ஆயுதம், கடைசியில் தாலிபான் வந்தபோது தலைநகர் காபூலில் பெரிய சண்டையே இல்லையே.

கணக்கன்:
அந்த 3 லட்சம் காகிதக் கணக்கு, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த சிப்பாய்கள் ஏராளம். விமானங்களைப் பழுதுபார்த்த வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் கிளம்பினதும் அதுவும் படுத்துவிட்டது, தூரத்துச் சாவடிகளுக்குத் தோட்டாவும் சாப்பாடும் போகவில்லை. அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, பக்கத்துச் சாவடிக்காரன் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயாச்சு, நீ யாருக்காகச் சாகப்போறே என்று கேட்டால், அவன் என்ன செய்வான்?