சவுதி தோட்ட வேலைக்கு 2.5 லட்சம் கேட்கிறார்கள், ஜப்பான் பரவாயில்லையா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம். வயது 24, பன்னிரண்டாவது முடித்து விவசாய டிப்ளமோ. வீட்டில் ஆறு மா (எங்கள் பக்க நில அளவு) நிலம், குறுவை, சம்பா இரண்டும் உண்டு. டிராக்டர், பவர் டில்லர், நடவு மெஷின் ஓட்டத் தெரியும்.

டவுனில் ஒரு ஏஜென்ட் சவுதியில் மஜ்ரா (தோட்டம், பண்ணை) வேலை என்கிறார். மாதம் 1,500 ரியால், சாப்பாடு, ரூம் ஃப்ரீ. மொத்தச் செலவு 2.5 லட்சம், முன்பணம் 50 ஆயிரம், பாஸ்போர்ட் ஒரிஜினலை இப்போதே கொடுக்க வேண்டுமாம். ஜப்பானில் விவசாய விசா இருக்கிறது, சம்பளம் அதிகம் என்று இன்னொருவர் சொல்கிறார். மலேசியா, கனடா பேச்சும் அடிபடுகிறது. எதை நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அரசலாறு எழுதியது:

தம்பி, பணமும் பாஸ்போர்ட்டும் இப்போது கொடுக்க வேண்டாம். ஒரிஜினல் பாஸ்போர்ட் தேவைப்படுவது விசா ஸ்டாம்பிங் கட்டத்தில்தான். சவுதி விசாவுக்குக் கைரேகை வைக்க நீங்களே நேரில் போகவேண்டும். அதுவரை ஏஜென்ட்டுக்கு நகல் போதும்.

முதலில் அந்த ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர்கள் பட்டியல் இருக்கிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, காலாவதியா என்பதையும் பாருங்கள். "சென்னை ஆபீஸின் லைசென்ஸில்தான் அனுப்புகிறோம்" என்று சொல்லும் உள்ளூர்க்காரர் சப்-ஏஜென்ட். சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. பிரச்சினை வந்தால் சென்னைக்காரர் "இவரை எனக்குத் தெரியாது" என்று கைகழுவிவிடுவார்.

பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். 2.5 லட்சத்துக்கு எந்தக் கணக்கும் இடிக்கும். விசாவையே விலைபேசி விற்கிறார்கள்.

அடுத்தது, விசா யார் பெயரில் வருகிறது. கம்பெனியின் பண்ணையா, தனி ஆளான கஃபீலின் (விசா தரும் முதலாளியின்) மஜ்ராவா? இதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சவுதியில் 2021 மார்ச்சில் வந்த தொழிலாளர் சீர்திருத்தம் தனியார் துறை ஆட்களுக்கு முதலாளி மாறவும் ஊர் வந்து போகவும் ஓரளவு வழிவிட்டது. ஆனால் வீட்டுவேலைக்காரர், டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர், பண்ணை ஆள் ஆகியோரை அதில் சேர்க்கவில்லை. தனி கஃபீலிடம் போனால் அந்தப் பட்டியலில்தான் விழுவீர்கள். "தோட்டம்" என்று சொல்லி மேய்ப்பர் விசா அடிப்பதும் நடக்கிறது. விசாவில் தொழில் அரபியில் இருக்கும். அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஒப்பந்தத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. பத்தாவது பாஸ் செய்தவருக்கு ஈசிஆர் (வேலைக்குப் போக அரசின் எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவை என்ற) முத்திரை இல்லாத பாஸ்போர்ட். நீங்கள் அந்த வகை, எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவையில்லை. அலைச்சல் மிச்சம். அதே சமயம் உங்கள் ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. ஈசிஆர் ஆட்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் உங்களுக்குத் தானாக வராது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கல் முடியுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய டிபி வடு தெரிந்தாலோ, ஹெபடைடிஸ் பி, சி இருந்தாலோ வளைகுடா மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள். முன்பணம் திரும்பி வராது. போய்ச் சேர்ந்தபின் 90 நாளுக்குள் கஃபீல் இகாமா (தங்கும் அனுமதி அட்டை) எடுத்துத் தரவேண்டும். எடுக்காமல் இழுத்தால் ரியாத் இந்தியத் தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) புகார் தளத்துக்கும் உடனே எழுதுங்கள். பண்ணையைவிட்டு ஓடிப்போகாதீர்கள். ஆள் ஓடிவிட்டார் என்று கஃபீல் ஹுரூப் புகார் கொடுத்துவிட்டால் வெளியே வருவது பெரும்பாடு.

---

ஆடுதுறை_39 எழுதியது:

அண்ணன் சவுதியைச் சொல்லிவிட்டார், ஜப்பானை நான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசா. 2019 ஏப்ரலில் தொடங்கியது, விவசாயம் அதில் ஒரு துறை. இந்தியாவுடன் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. முதல் நிலையில் மொத்தம் 5 வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இரண்டு தேர்வு. மொழிக்கு ஜேஎல்பிடி தேர்வில் என்4 நிலை, இல்லையென்றால் ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் 250-க்கு 200. தொழிலுக்கு விவசாயத் திறன் தேர்வு, பயிர் தனி, கால்நடை தனி. உங்களுக்குப் பயிர். தயவுசெய்து "பயிற்சி விசா"வோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தப் பயிற்சித் திட்டத்தில் முதலாளி மாறுவது கடினம், அதையே 2027-ல் எடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவருகிறார்கள். குறிப்பிட்ட திறன் விசாவில் அதே துறைக்குள் மாறலாம், குடிவரவு அலுவலகத்தில் புது அனுமதி வாங்கவேண்டும்.

திறன் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும். மண், உரம், நாற்று, பூச்சிமருந்துப் பாதுகாப்பு, கருவிகள், படம் பார்த்து நோய் சொல்வது. ஜப்பானிய மொழியில் கேட்டு விடையளிக்கும் பகுதியும் உண்டு. டிப்ளமோ படித்தவருக்குப் பாடம் எளிது, சறுக்குவது மருந்துக் கணக்கில்தான். நம் ஊரில் டேங்குக்கு ஒரு மூடி என்று ஊற்றுகிறோம். அங்கே லேபிளில் ஆயிரம் மடங்கு, இரண்டாயிரம் மடங்கு என்று இருக்கும். ஆயிரம் மடங்கு என்றால் 500 லிட்டர் தண்ணீருக்கு 500 மில்லி, இரண்டாயிரம் மடங்கு என்றால் 250. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தவேண்டும், ஒரு பயிருக்கு எத்தனை முறை அடிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். அதை மீறினால் முழு விளைச்சலையும் சந்தைக்கு அனுப்ப முடியாது. தேர்விலும் அதைக் கேட்பார்கள், வேலையிலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

நெல் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டு ஆட்களைத் தேடுவது பெரும்பாலும் காய்கறிப் பண்ணை, பசுமைக்குடில், மாட்டுப் பண்ணை. இபராகியில் முட்டைக்கோஸ் வகை, குமாமோட்டோவில் குடில் தக்காளி, நகானோ மலையில் லெட்யூஸ். கோடையில் லெட்யூஸ் அறுவடை விடியலுக்கு முன்பே தொடங்கும். குனிந்தே அறுக்கும் வேலை, நடவு செய்து பழகிய இடுப்புக்கே நோகும். ஹொக்காய்டோவில் குளிர்காலம் பனி, வேலை இருக்காது. அதனால் விவசாயத்தில் ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக ஊர் ஊராக மாற்றி வேலை தரவும் அனுமதி இருக்கிறது. எந்த மாதம் எங்கே என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சம்பளக் கணக்கு: 2025 நிதியாண்டுத் திருத்தத்தில் எல்லா மாநிலங்களிலும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,000 யென்னைத் தாண்டிவிட்டது. மாதம் 173 மணி நேரம் என்றால் 1,73,000 யென். வாடகை, காப்பீடு, ஓய்வூதியம், வரி பிடித்தது போகத்தான் கையில் வரும். இரண்டாம் வருடம் ஜூனிலிருந்து குடியிருப்பு வரியும் சேரும். அப்போது சம்பளம் குறைந்ததாக நினைத்து முதலாளியிடம் சண்டை போடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டிய இரண்டு இடங்கள். ஒன்று, ஜப்பான் தொழிலாளர் சட்டத்தில் வேலைநேரம், ஓய்வு, விடுமுறை விதிகளிலிருந்து விவசாயத்துக்கு விலக்கு உண்டு. அதனால் கூடுதல் நேரத்துக்கு 25% கூடுதல் கூலி என்பது கட்டாயமில்லை, எழுத்தில் இருந்தால்தான் கிடைக்கும். மழை நாளில் மணிக்கணக்கு என்ன ஆகும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு, முதலாளி நிறுவனமா, தனி விவசாயியா? நிறுவனம் என்றால் ஓய்வூதியத்தில் பாதி அவர்கள் கட்டுவார்கள். தனி விவசாயி என்றால் பெரும்பாலும் தேசிய ஓய்வூதியத்தை நீங்களே கட்டவேண்டியிருக்கும், 2025 கணக்கில் மாதம் 17,510 யென். ஊர் திரும்பி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் கட்டியதில் ஒரு பகுதி மொத்தமாகத் திரும்பும். சும்மா விட்டுவிடாதீர்கள்.

ஜேஎல்பிடி ஜூலை, டிசம்பர் இரண்டு முறை, சென்னையிலும் மையம் உண்டு. தினமும் ஒழுங்காகப் படித்தாலும் என்4-க்கு ஆறு மாதத்துக்குக் குறைத்து எண்ணாதீர்கள். "மூன்றே மாதத்தில் ஜப்பான்" என்று போஸ்டர் ஒட்டுகிறவன் வகுப்பைத்தான் விற்கிறான், வேலையை அல்ல.

---

கோடியக்கரை_காற்று எழுதியது:

மலேசியா பற்றிச் சுருக்கமாக. இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழைய 2023 டிசம்பரிலிருந்து சலுகை. அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்: "டூரிஸ்ட்டாகப் போ, அங்கே பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம்" என்று. மாறாது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு காலிங் விசா (முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வேலை விசா) கையில் இருக்கவேண்டும். போன 30 நாளுக்குள் ஃபொமெமா (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான) மெடிக்கல், பிறகு வருடாவருடம் புதுப்பிக்கும் பெர்மிட். குறைந்தபட்சக் கூலி 1,700 ரிங்கிட். குலை வெட்டுவது எடைக்கணக்கு என்றாலும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

கனடா: பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் மெக்சிகோ, கரீபிய நாடுகளுக்கு மட்டும். இந்தியருக்கு உள்ளது தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டத்தின் விவசாயப் பிரிவு, அதற்கு முதலாளி எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை எடுக்க அரசு தரும் ஒப்புதல்) வாங்கவேண்டும். ஆள்சேர்ப்புக் கட்டணத்தை உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்பது விதி. எல்எம்ஐஏ-வை லட்சக்கணக்கில் விற்கிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் எண் கேட்டேன், "நேரில் வா" என்கிறார். ஜப்பானிய மொழி வகுப்புக்குச் சேரலாம் என்று இருக்கிறேன். ஐந்து வருடம் போனால் நிலத்தை என்ன செய்வது? சேர்த்த பணத்தில் பக்கத்தில் இரண்டு மா வாங்கலாமா?

---

அரசலாறு எழுதியது:

எண் தராதவரிடம் நேரில் போகவும் வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே பதிவு செய்து வையுங்கள்.

நிலம் அப்பா பெயரில் இருந்தால் இப்படியே விடுங்கள். உங்கள் பெயரில் இருந்தால், கிளம்புவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பதிவு செய்துவிடுங்கள். அங்கிருந்து தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புவது அலைச்சல். குத்தகைக்கு விட்டால் எழுத்தில் விடுங்கள். சம்பா காப்பீட்டுக்கு அடங்கல் யார் பெயரில் வாங்குவது என்பதையும் அதிலேயே தீர்த்துவிட்டால் வெள்ளம் வரும்போது சண்டை இருக்காது.

வேலைக்கு வெளிநாடு போனால் நீங்கள் என்ஆர்ஐ. சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐயின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) ஆக்கவேண்டும், அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. உங்கள் பெயரில் பிஎம் கிசான் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், என்ஆர்ஐக்குத் தகுதி கிடையாது. இருக்கும் நஞ்சையை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகவும் வரலாம். ஆனால் என்ஆர்ஐயாக இருக்கும்போது விவசாய நிலம் விலைக்கு வாங்க ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த இரண்டு மாவை வாங்குவதென்றால் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோதான் கிரயம்.