அப்பா படியேறிய வருஷம்

குழு: நம்ம வீடு
31 டிசம்பர் 2025

நான்: எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வாங்க. இந்த வருஷத்துப் படங்களை எல்லாம் சேர்த்து அச்சுப் போட்டு ஆல்பமா பாட்டிக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். ஆளுக்கு ரெண்டு மூணு அனுப்புங்க. ஆனா படமா அனுப்பாதீங்க, டாக்குமென்டா அனுப்புங்க. படமா போட்டா வாட்ஸ்அப் சுருக்கிடும், என்னைக்கு எடுத்ததுங்கிற விவரமும் போயிடும்.

சித்தி: டாக்குமென்ட் எங்கடி இருக்கு?

மாமா: கீழ கொக்கி மாதிரி ஒரு குறி இருக்கு பாரு, அதைத் தொட்டா வரும்.

சித்தி: வந்துடுச்சு. பாம்பன் படம் எல்லாத்தையும் அனுப்புறேன்.

நான்: சித்தி, கடல் படம் ஏற்கெனவே நிறைய இருக்கு. எனக்கு வீட்டுப் படம் வேணும்.

தம்பி: இந்த வருஷம் வீட்டுல யாரு அக்கா படம் எடுத்தா? பிப்ரவரியில அப்பா விழுந்ததுல இருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாதானே அலைஞ்சீங்க.

நான்: அதைத்தான்டா கேக்குறேன். இதோ ஒண்ணு.
[படம்: குளியலறைக் கதவு]

மாமா: கதவா?

நான்: ஆமா மாமா. முன்னாடி இது உள்பக்கமா திறக்கும். அப்பா விழுந்தப்போ அவர் கால் கதவை ஒட்டி இருந்துச்சு. அம்மா வெளியே நின்னு தள்ளத் தள்ள, கதவு அப்பாவை இடிக்குதே தவிர திறக்கல. இடுக்கு வழியா அப்பா "தள்ளாத, தள்ளாத"ன்னு சொல்லிட்டே இருந்தார். அவரா கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்த பிறகுதான் அம்மாவால உள்ளே போக முடிஞ்சது. ஆபரேஷன் முடிஞ்சு அவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஆசாரியைக் கூப்பிட்டுக் கீலை மாத்தி, வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி செஞ்சோம். வயசானவங்க இருக்கிற எல்லா வீட்டுலயும் இதைச் செய்யணும். கைப்பிடிக் கம்பி போடணும்னு எல்லாரும் சொல்றாங்க, கதவைப் பத்தி யாரும் சொல்றதில்ல.

அம்மா: அந்தக் கதவை ஆல்பத்துல போடாத. எனக்குப் பார்க்கப் பிடிக்கல

அப்பா: போடட்டும். அது நல்லா திறக்குது.

மாமா: அக்கா, எங்க வீட்டுலயும் உள்பக்கமாதான் திறக்குது. இந்த வாரமே மாத்திடறேன். அம்மா எங்களோடதானே இருக்காங்க.

தம்பி: எங்கிட்ட ஒரு படம் இருக்கு. வீடியோ கால்ல பிடிச்சது, தெளிவா இருக்காது.
[படம்: பின்கட்டுப் படியில் அப்பா, பக்கத்தில் அம்மா]

நான்: இதுதான்டா வேணும்! மார்ச்சா?

தம்பி: மார்ச் கடைசி. எனக்கு அப்போ விடியற்காலை. அம்மா போனைச் சுவத்துல சாய்ச்சு வைப்பாங்க, நான் இங்கிருந்து எண்ணுவேன். அதை முடிச்சுட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். என்னால வர முடியாத நேரத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

சித்தி: அத்தான் முகத்தைப் பாரு. படியை முறைச்சுட்டு நிக்கிறார்.

அம்மா: முறைக்காம என்ன. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வாக்கர் குடுத்து நிக்க வச்சுட்டாங்க. அதுகூடப் பயம் இல்ல. படின்னு சொன்னதும்தான் முடியாதுன்னுட்டார்.

அப்பா: முடியாதுன்னு சொல்லல. நாளைக்குன்னு சொன்னேன்.

அம்மா: ஒரு வாரமா நாளைக்குன்னு சொன்னீங்க

நான்: பிசியோதெரபி பார்க்க வந்த அந்தப் பையன்தான் கேட்டுது, "ஐயா, நடக்க ஆரம்பிச்சா முதல்ல எங்கே போகணும்னு ஆசை?"ன்னு. அப்பா யோசிக்கவே இல்ல. "புது பாம்பன் பாலம் திறக்கப் போறாங்களாம், அதுல ரயில்ல போகணும்"னார். "அப்போ ரயில் படி ஏறணுமே"ன்னு அது சொல்லுச்சு. மறுநாள் காலையில அப்பா படிகிட்ட போய் நின்னுட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா: ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முன்னாடி. நான் தூக்கத்துலகூட இதைத்தான் சொல்லிட்டு இருந்தேன்

தம்பி: 46 நாள் கதையை விட்டுட்டீங்களே.

அப்பா: அது கதை இல்லடா. 1964 புயல்ல பாம்பன் பாலத்துக் கர்டர், அதான் தண்டவாளத்தைத் தாங்குற இரும்பு உத்திரம், எல்லாம் கடலுக்குள்ள போயிடுச்சு. ஆறு மாசம் ஆகும்னு ரயில்வே கணக்குப் போட்டுச்சு. டில்லி மெட்ரோ கட்டின ஸ்ரீதரன் அப்போ ரயில்வேல இளம் இன்ஜினியர். கடல்ல விழுந்த கர்டரையே தேடி எடுத்துப் பூட்டி 46 நாள்ல ரயிலை ஓட விட்டார். அந்தப் பாலம் நிமிர்ந்துச்சு, என் கால் நிமிராதான்னு கேட்டேன். அவ்வளவுதான்.

மாமா: அத்தான், 1914ல கட்டின பாலத்துல நீங்க எத்தனையோ தடவை போயிருப்பீங்களே. புதுசு எப்படி?

அப்பா: பழசுல கப்பல் வந்தா நடுப்பகுதி ரெண்டு பக்கமும் கை விரிக்கிற மாதிரி பிளந்து மேல போகும். ஆள்கள் நின்னு கையால சுத்துவாங்க. புதுசுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேர்குத்தா மேல ஏறுது. நாம போனப்போ கப்பல் வரல. பார்க்க முடியலங்கிறது எனக்கு இன்னும் குறைதான்.

நான்: ஏப்ரல் 6 திறந்தாங்க. நாம ஜூலையில போனோம். கீழ் பெர்த் கிடைச்சதுல அப்பாவும் பாட்டியும் சிரமப்படாம வந்தாங்க. அப்பா ரயில் படி ஏறினதை எடுத்தது யாரு?

சித்தி: யாரும் எடுக்கலடி. எல்லாரும் அவரைப் பிடிக்கத் தயாரா கையை நீட்டிட்டு நின்னோம், எங்கே படம் எடுக்கிறது? அக்கா மட்டும் பிடிக்கப் போகல. பக்கத்துல நின்னு "நல்ல கால்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அவர் ஏறிட்டார்.

சித்தி: நான் போக வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருந்தேன், உங்களுக்குத் தெரியும். இப்போகூட அந்த வயசுல எலும்பு முறிஞ்சவரை அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறது பெரிய காரியம்னுதான் நினைக்கிறேன். வேற யாராவது கேட்டா டாக்டரைக் கேக்காம கிளம்பாதீங்கன்னுதான் சொல்வேன்.

நான்: நாமளும் கேட்டுட்டுத்தானே சித்தி போனோம். எக்ஸ்ரே பார்த்து அவர் சரின்னு சொன்ன பிறகுதானே டிக்கெட்டே போட்டோம்.

மாமா: அம்மா பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்காங்க. ஏதோ சொல்லணுமாம். அவங்க சொல்றதை அப்படியே எழுதிப் போடறேன்.

மாமா: பாட்டி சொல்றது: "மாப்பிள்ளை ரயில்ல வந்தாரு, நான் கடலைப் பார்க்க வந்தேன். எங்க அப்பா போட் மெயில்லதான் கொழும்புக்குப் போவாரு. ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போகும். அங்க கப்பல் ஏறுனா அந்தப் பக்கம் தலைமன்னார். மண்டபம் கேம்ப்புல நோய் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விடுவாங்கன்னு கடுதாசி போடுவாரு. எனக்கு அந்த ஊர் பேரெல்லாம் கடுதாசியில பார்த்த பேருதான்."

நான்: பாட்டி, இதை அங்கே வச்சு நீங்க சொல்லவே இல்லையே!

மாமா: பாட்டி: "அங்க எனக்குப் பேச்சு வரல. அரிச்சல்முனையில ரோடு முடியுற இடத்துல சக்கர நாற்காலியை நிறுத்துனீங்க. மணல்ல அது உருளாது. மாப்பிள்ளையும் நானும் சுவரோரம் உட்கார்ந்தோம். நீங்க எல்லாம் தண்ணியில நின்னீங்க. புயல் அடிச்சப்போ எனக்குப் பதினேழு வயசு. பாம்பன்ல இருந்து வந்த ரயிலு ஆளுங்களோட போயிடுச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்க. எங்க அப்பா அதுக்கு முந்தின மாசம்தான் அந்த வழியா வந்து சேர்ந்திருந்தாரு. எங்க அம்மா அன்னைக்கு அவரை விட்டு நகரவே இல்ல."

தம்பி: மாமா, இதைப் பாட்டி குரல்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. எழுத்தும் இருக்கட்டும், குரலும் வேணும்.

மாமா: சரிடா, அவங்க களைப்பா இல்லாத நேரத்துல எடுக்கிறேன்.

அம்மா: இத்தனை வருஷத்துல எங்கிட்டகூட இதைச் சொன்னதில்ல

நான்: அம்மா, நீங்க இன்னும் படமே அனுப்பல.

அம்மா: எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு
[படம்: அலமாரி மேல் மடக்கி வைத்த வாக்கர்]
ஆகஸ்ட்ல அப்பாவே மடக்கி மேல வச்சார். நான் வைக்கல. அதான் எடுத்தேன்

சித்தி: அக்கா...

நான்: இதுதான் ஆல்பத்துக்கு அட்டைப் படம். யாரும் மறுத்துப் பேசக்கூடாது. பயணம் போனோம்னு சொல்றோம். எனக்கென்னவோ அந்த ரயில் பயணம் மார்ச்சுல பின்கட்டுப் படியிலேயே தொடங்கிடுச்சுன்னுதான் தோணுது. பாம்பன் படத்தை யார் வேணும்னாலும் எடுத்திருப்பாங்க. இந்த வாக்கர் நம்ம வீட்டுல மட்டும்தான் இருக்கு.

மாமா: பாப்பா காலேஜ் ஹாஸ்டல்ல சேர்ந்த படமும் ஒண்ணு இருக்கட்டும். சித்தி ரிட்டயர் ஆன படமும்.

நான்: ரெண்டும் இருக்கு மாமா.

மாமா: பாட்டி இன்னொண்ணு கேக்குறாங்க: "அந்தக் கரைக்கு இப்போ கப்பல் உண்டா?"

அப்பா: தனுஷ்கோடியில இருந்து கிடையாது. நாகப்பட்டினத்துல இருந்து இலங்கையில இருக்கிற காங்கேசன்துறைக்கு 2023ல பயணிகள் கப்பல் விட்டாங்க. மழைக் காலத்துல நிறுத்தி வைப்பாங்க. விமானத்துல கொழும்பு போனா அங்கிருந்து தலைமன்னாருக்கு ரயில் பாதையே இருக்கு.

தம்பி: அப்பா இதெல்லாம் எப்போ விசாரிச்சீங்க?

அப்பா: அரிச்சல்முனையில இருந்து திரும்பும்போதே. அத்தை அங்கே எதிர்க் கரைப் பக்கமே பார்த்துட்டு இருந்தாங்க.

சித்தி: அம்மாவுக்கு 79 ஆகப் போகுது அத்தான். இந்தத் தடவை நான் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல. நானும் கூட வர்றேன், அம்மாவை நான் பார்த்துக்கறேன். அக்கா ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து வரட்டும்.

அம்மா: ஜன்னல் சீட்டுன்னா எனக்குச் சரி

தம்பி: ஜூன்ல எனக்கு லீவு கிடைக்கும். நேரா கொழும்புக்கு வந்துடறேன். இந்தத் தடவை போன்ல எண்ண மாட்டேன்.

நான்: பாட்டிக்குப் பாஸ்போர்ட்டே இல்லையே. பிறந்த தேதிக்கு என்ன அத்தாட்சி இருக்கு?

மாமா: ஆதார்ல வருஷம் மட்டும்தான் இருக்கு.

அம்மா: அம்மாவோட பள்ளிக்கூடச் சான்றிதழ் என்கிட்ட இருக்கு. இரும்புப் பெட்டியில, அப்பா அனுப்பின... இல்ல, தாத்தா அனுப்பின கடுதாசிக் கட்டுக்குக் கீழ. நாளைக்கு எடுத்து வைக்கிறேன்

நான்: கடுதாசி இருக்கா?! அம்மா, பெட்டியை நான் வந்த பிறகு திறங்க. சனிக்கிழமை காலையில வந்துடுவேன்.

மாமா: பாட்டியும் வர்றாங்களாம். நான் கூட்டிட்டு வர்றேன்.