ஹொஸ்பிட்டல் அட்மின் வேலை: மாஸ்டர்ஸ் செய்ய முதல் எப்பிடிப் பாக்கிறது?

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம், கெம்பஸ்ல மெனேஜ்மன்ட் டிகிரி முடிய இன்னும் ஆறு மாசம். அம்மாட ஒப்பரேஷனுக்கு ரெண்டு கிழமை வாட்டுலயே கிடந்தன், டொக்டர்மாரை விட இந்த இடத்தை ஆர் ஓட்டுறாங்கண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன் (என்னப் பாக்க வந்தியா ஹொஸ்பிட்டலப் பாக்க வந்தியாண்டு அம்மா ஏச்சு). வீட்டுல உடனே மாஸ்டர்ஸ் செய், லண்டன்ல மாமா இருக்கார் எண்டு நிக்கிறாங்க. அவ்வளவு காசைக் கொட்ட முதல் இது எனக்குச் சரிவருமாண்டு பாக்க வழி இருக்கா? கொழும்பு கெம்பஸ்ட மருத்துவ பட்டமேற்படிப்பு நிறுவனம் பிஜிஐஎம், அங்கயும் ஒரு கோர்ஸ் இருக்காமே?

டிஸ்சார்ஜ் கவுண்டர்:
தங்கச்சி, நொரிஸ் கெனல் ரோட் பிஜிஐஎம்ல இருக்கிற மெடிக்கல் அட்மினிஸ்ட்ரேஷன் எம்எஸ்சி டொக்டர்மாருக்கு. பெரியாஸ்பத்திரி டிரெக்டர் கதிரையும் அப்பிடித்தான், எம்பிபிஎஸ் இல்லாம ஏலாது. எங்களுக்கு பிரைவேட், இல்லாட்டி இன்சூரன்ஸ். நான் ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டல் பில்லிங்ல ஒண்டரை வருஷம் நிண்டுட்டுத்தான் மாஸ்டர்ஸ் போனன். ஒரு டிஸ்சார்ஜ் பில்லுக்குப் பின்னால போய்ப் பாருங்க: காலைல ஒம்பதுக்கு டொக்டர் வீட்ட போகலாம் எண்டுட்டுப் போயிடுவார், மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போகணும், அது பில்லுல கழிபடணும், மயக்க மருந்து டொக்டர் தன்ட பீஸ் இன்னும் போடல, அவர் வேற இடத்துல ஒப்பரேஷன் தியேட்டர்ல நிப்பார், போன் எடுக்க மாட்டார், இன்சூரன்ஸ்காரன் பைனல் பில் வந்தாத்தான் அப்ரூவல் எண்டுவான், மூண்டு மணிக்கு பேக்கும் கையுமா ஒரு ஐயா வந்து ஏசுவார். அந்த ஏச்ச வாங்கிக்கொண்டே எங்க அடைபடுதுண்டு உங்களுக்கு யோசிக்க வருதுண்டா, வாங்க.

நைட் டியூட்டி அக்கா:
நான் நர்ஸ். தம்பி சொன்னது சரி, ஆனா கவுண்டர் மட்டும்தான் அட்மின் எண்டு நினைச்சிடாதீங்க மகள். நடுராத்திரி ஈடியூல (அவசர சிகிச்சைப் பிரிவு) மூண்டு பேர் காத்திருக்க, மேல கட்டில் ஒண்டும் காலியில்ல, யாரை எங்க மாத்துறதுண்டு முடிவெடுக்கிறதும் அட்மின்தான். பிரைவேட் ஹொஸ்பிட்டல்களைப் பதியிற 2006ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டப்படி வருஷா வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற பேப்பர் கட்டும் அட்மின்தான், அது சரியான அலுப்பு. கேட்டுப்பாத்து ஒரு மூண்டு மாசம் ட்ரெய்னியா போங்க, பிரிவு பிரிவா மாத்தி விடச்சொல்லுங்க. முதல்ல சிங்களம் கதைக்கப் பழகுங்க, அது இல்லாம வாட்ல ஒரு நாள் தாண்டாது.

மாமா வீட்டுக்காரன்:
கோர்ஸ்ட பேரைப் பாத்து ஏமாறாதீங்க. எம்பிஎச் எண்டா சனத்துட சுகாதாரம், நோய் வராமத் தடுக்கிறது. எம்எச்ஏ எண்டா ஹொஸ்பிட்டல்ட காசு, ஆக்கள், ஒழுங்கு. என்ட பிரெண்ட் மாறி அப்ளை பண்ணிட்டு முதல் செமஸ்டர் முழுக்க தொற்றுநோய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான், பாவம். அமெரிக்கா எண்டா சிஏஎச்எம்இ (ஹொஸ்பிட்டல் மெனேஜ்மன்ட் கோர்ஸுகளைப் பாத்து அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் இருக்காண்டும் பாருங்க.

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. என்ட சிங்களம் 100ம் நம்பர் பஸ்ல இறங்குற அளவுக்குத்தான் காணும், இண்டையிலிருந்து பழகிறன். அண்ணா, அந்த ஒண்டரை வருஷம் சம்பளம் எவ்வளவு?

டிஸ்சார்ஜ் கவுண்டர்:
இன்பொக்ஸ் வாங்க. இங்க போட்டா உங்கட வீட்டுல விட மாட்டாங்க.